முகத்துக்கு ஒன்று, மூக்குத்திக்கு ஒன்று: குறைந்த செலவில் லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

அண்ணன் மகளுக்குக் காது குத்திய நாள். தாய்மாமன் மடியில் குழந்தை. பத்தர் கம்பியை முறுக்கி முடித்துவிட்டார். கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இன்னும் வழியாமல் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் சிவந்த காது மடல், அதில் பொட்டுத் தங்கம். வாங்கி நாலே நாள் ஆன 50 மி.மீ. லென்ஸோடு கிட்டே குனிந்தேன். லென்ஸ் ஒருமுறை முன்னே ஓடியது, பின்னே ஓடியது, நின்றுவிட்டது. ஷட்டர் விழவில்லை. ஒரு சாண் பின்வாங்கிய பிறகுதான் ஃபோகஸ் பிடித்தது. அதற்குள் அண்ணி முந்தானையால் குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. 35 செ.மீ.க்கும் கிட்டே இருக்கும் எதையும் அது பார்க்காது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியிருந்தேன். கடையில் ‘போர்ட்ரெய்ட் லென்ஸ்’ என்று சொன்னதும், முகத்தை அழகாக எடுக்கிற லென்ஸ் முகத்துக்குப் பக்கத்திலும் போகும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். முதல் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கும்போதெல்லாம் இந்த நினைப்பைத்தான் அவர்களிடமும் பார்க்கிறேன். முகம் எடுப்பது ஒரு வேலை, கிட்டத்தில் எடுப்பது வேறு வேலை. ஒரே லென்ஸில் இரண்டையும் செய்ய வழி இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு சின்ன வளையம் வேண்டும். அதுவரை வருவோம்.

நம் ஊரில் அதிகம் பேர் கையில் இருக்கும் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், இதை வைத்தே பேசுகிறேன். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் கொஞ்சம் மாறும், வழி மாறாது.

முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள்

காசு செலவழிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பள்ளிக்கூடத்து 15 செ.மீ. ஸ்கேல் ஒன்றை ஜன்னலோரம் மேஜைமேல் வையுங்கள். கிட் லென்ஸை 55இல் நிறுத்தி, மேன்யுவல் ஃபோகஸுக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தைக் கிட்டத்துக் கோடி வரைக்கும் திருப்பிவிடுங்கள். இனி வளையத்தைத் தொடாதீர்கள். கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்கேலின் கோடுகள் கூர்மையாகத் தெரியும் இடத்தில் ஒரு படம் எடுங்கள். படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள்.

1500டியின் சென்சார் 22.3 மி.மீ. அகலம். அதைப் படத்தில் தெரியும் அகலத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். 18-55 ஐஎஸ் 2 கிட் லென்ஸில் ஏறக்குறைய 65 மி.மீ. தெரியும், அதாவது 0.34 மடங்கு. இதே சோதனையை 2015இல் வந்த கேனான் ஈஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸில் செய்தால் 106 மி.மீ. தெரியும்; 0.21 மடங்கு. கேமராவோடு வந்தது என்று நாம் அலட்சியமாகப் பையில் போட்டு வைக்கும் லென்ஸ், காசு கொடுத்து வாங்கும் லென்ஸைவிடக் கிட்டே போகிறது. அன்றைக்குக் காதுகுத்தில் அந்தக் கிட் லென்ஸ் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

‘மேக்ரோ’ என்று முறையாகச் சொல்லப்படுவது 1:1. அதாவது 22.3 மி.மீ. அகலமுள்ள பொருள் சட்டகத்தை முழுக்க நிறைக்கும். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; 1:1இல் அது சட்டகத்துக்குள் அடங்காமல் வெளியே போய்விடும். மூக்குத்தி, எறும்பு, மல்லிகை மொட்டின் காம்பு, இவையெல்லாம் அந்த அளவில்தான் வருகின்றன. குழந்தையின் விரல்களுக்கோ, செம்பருத்திப் பூவுக்கோ அவ்வளவு தேவையில்லை; கிட் லென்ஸே போதும்.

லென்ஸ் பெட்டியில் எழுதியிருக்கும் ‘குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம்’ சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் மேல்பக்கத்தில் ஒரு வட்டத்தைக் கோடு வெட்டுவதுபோல் ஒரு குறி இருக்கும், சென்சார் இருக்கும் இடம் அதுதான். 25 செ.மீ. என்று போட்டிருந்தால், லென்ஸின் முனையிலிருந்து பொருளுக்கு உள்ள இடைவெளி அதைவிட வெகுவாகக் குறைவு.

அடுத்து, அறையை அளந்து பாருங்கள்

முகத்துக்கு எந்த லென்ஸ் என்பதை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளி. 45 செ.மீ. தள்ளி நின்று எடுத்தால், காது மூக்கைவிடக் கால் பங்குக்கு மேல் தூரத்தில் இருக்கிறது; அதனால் மூக்கு பருத்தும் காது சிறுத்தும் விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு எட்டுதான். முகம் நாம் பார்த்துப் பழகிய முகமாக இருக்கும். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறதே என்று வருத்தப்படுபவர்களுக்கும் காரணம் இதுவே. லென்ஸ் முகத்தைக் கெடுப்பதில்லை, அருகாமைதான் கெடுக்கிறது. ஆகவே நாலைந்து அடி தள்ளி நின்று, அந்த இடத்திலிருந்து முகம் சட்டகத்தை நிறைக்கிற லென்ஸ் வேண்டும்.

கேமராவை நெடுக்காகப் பிடித்துக் கணக்குப் போடுவோம். 50 மி.மீ. லென்ஸில் தலையும் தோளும் மட்டும் வர நாலரை அடி தூரம் போதும். இடுப்பு வரைக்கும் என்றால் ஆறரை அடி. தலை முதல் கால் வரை என்றால் 14 அடி. இதையே 85 மி.மீ. லென்ஸில் எடுக்க, தலை தோளுக்கு ஏழரை அடியும் முழு ஆளுக்கு 23 அடிக்கு மேலும் வேண்டும். நம் வீட்டு ஹால் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு. 85ஐ மாட்டிக்கொண்டால் நீங்கள் வாசல்படியில் நின்று வீட்டுக்குள் இருப்பவரை எடுக்க வேண்டிவரும். 85 அருமையான லென்ஸ், மறுக்கவில்லை. மொட்டை மாடி, கோயில் பிரகாரம், வயல் வரப்பு என்று வெளியிலேயே எடுப்பவர் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். முதல் லென்ஸாக வேண்டாம்.

சந்தேகம் தீர இப்படிச் செய்யுங்கள். கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 55க்குச் சற்று முன்னால், 50 வாக்கில் நிறுத்தி, செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் டேப்பைப் பிரிக்காமல் வீட்டில் இருப்பவர்களை எடுங்கள். அடிக்கடி சுவரில் முதுகு இடித்தால் உங்களுக்கு 35 மி.மீ. பொருந்தும். அப்படி இடிக்கவில்லை என்றால் 50 சரி. இந்த ஒரு வாரத்தைத் தாண்டி வந்தவர்கள் வாங்கிய லென்ஸைத் திருப்பி விற்றதை நான் பார்த்ததில்லை.

எதை வாங்குவது

1500டி போன்ற கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் மேலே சொன்ன 50 எஸ்டிஎம். 160 கிராம் எடை, புதிதாகப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அதற்கு முந்தையது, 1990இல் வந்த 50 எஃப்/1.8 இரண்டாம் பதிப்பு, செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் கேமராவில் மாட்டும் அதன் மவுன்ட் பிளாஸ்டிக், 45 செ.மீ. வரைதான் கிட்டே போகும். லென்ஸுக்குள் வெளிச்சத்தை விடும் துளைக்கு ஐந்தே இதழ் என்பதால் பின்னால் எரியும் சீரியல் விளக்குகள் ஐங்கோணமாக விழும். எஸ்டிஎம்மில் ஏழு இதழ். இரண்டுக்கும் சில ஆயிரம்தான் வித்தியாசம் என்றால் புதியதையே வாங்குங்கள்.

நிக்கான்காரர்கள் ஒரு விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். டி3500, டி5600 போன்ற பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி வாங்கினால், வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருக்கும் 50 எஃப்/1.8ஜி அல்லது 35 எஃப்/1.8ஜி என்றால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். கேனானின் மிர்ரர்லெஸ் ஆர் வரிசை வைத்திருந்தால் 2020இல் வந்த ஆர்எஃப் 50 எஃப்/1.8 இருக்கிறது, 30 செ.மீ. வரை கிட்டே போகும். அடாப்டர் ஏற்கெனவே கையில் இருந்தால் பழைய ஈஎஃப் லென்ஸும் ஆட்டோஃபோகஸோடு அதில் வேலை செய்யும்.

இணையத்தில் சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2 லென்ஸின் சுழலும் பின்புலத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. 58 மி.மீ., எஃப்/2, முழுக்க மேன்யுவல். கேனான் டிஎஸ்எல்ஆரில் வெறும் உலோக வளையம் ஒன்றை வைத்து மாட்டிவிடலாம். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அப்படி மாட்டினால் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் வராது. ஆசைக்கு வாங்கலாம்; ஓடுகிற குழந்தையை எடுக்க அதை நம்ப வேண்டாம்.

முகம் எடுக்கும்போது

எஃப்/1.8 லென்ஸ் வாங்கிய முதல் மாதம் எல்லாரும் எல்லாப் படத்தையும் எஃப்/1.8இலேயே எடுப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் துளை பெரிது, பின்புலம் கரையும், உண்மைதான். ஆனால் நாலரை அடி தூரத்தில் எஃப்/1.8இல் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 5 செ.மீ. முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் ஒரு கண் தெளிவாக, மறு கண் பனி படர்ந்ததுபோல் வரும். எஃப்/2.8இல் ஏறக்குறைய 8 செ.மீ., எஃப்/4இல் 11. நான் 2.8இல் தொடங்கச் சொல்வேன். பின்புலம் கரைய வேண்டுமென்றால் எடுக்கப்படுபவரைச் சுவரிலிருந்து ஆறேழு அடி முன்னால் கூட்டி வாருங்கள். துளையைப் பெரிதாக்குவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதையும் கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். அது மூக்கைப் பிடிக்கும், சில நேரம் மாலையைப் பிடிக்கும். ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்து, உங்களுக்குக் கிட்டே இருக்கும் கண்ணின் மேல் வையுங்கள். ஷட்டர் 1/125க்குக் கீழே போக வேண்டாம். இந்த 50இல் கை ஆட்டத்தைத் தாங்கும் ஐஎஸ் கிடையாது.

வெளிச்சத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் நேராக விழாத ஜன்னல் ஒன்று போதும். வெயில் விழுகிற ஜன்னலாக இருந்தால் துவைத்த வெள்ளை வேட்டியை ஒரு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். வெளிச்சம் பால்போல் பரவும். முகத்தின் மறுபக்கம் இருட்டாக இருந்தால் தெர்மகோல் அட்டை ஒன்றை இரண்டடி தள்ளி யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். மாநிறத்தையும் கறுப்பு நிறத்தையும் எடுக்கும்போது கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்க வைக்கப் பார்க்கும். பின்புலமும் இருட்டாக இருந்தால் இன்னும் மோசம். எக்ஸ்போஷர் அளவுகோலில் -1/3 அல்லது -2/3க்குக் குறைத்துப் பாருங்கள். கன்னத்தில் வெளிச்சம் பட்டு மினுங்கும் அந்த நிறம் அப்போதுதான் உள்ளபடி வரும். என் பாட்டியின் படங்களில் நான் கடைசிவரை பத்திரப்படுத்தி வைத்திருப்பவை எல்லாம் இப்படிக் குறைத்து எடுத்தவைதான்.

இனி கிட்டே போவோம்

நான்கு வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்: எக்ஸ்டென்ஷன் ட்யூப். கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்ட வேண்டும். லென்ஸ் சென்சாரைவிட்டு விலக விலக, கிட்டே இருக்கும் பொருளுக்கு ஃபோகஸ் வரும். கணக்கு சுலபம்: குழாயின் நீளத்தை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்பது தெரிந்துவிடும். அதனால்தான் 50 மி.மீ. லென்ஸில் இது அள்ளிக் கொடுக்கிறது, 250 மி.மீ. லென்ஸில் ஒன்றுமே தெரிவதில்லை.

கென்கோ போன்றவை 12, 20, 36 மி.மீ. என்று மூன்று குழாய் உள்ள செட்டாக வரும். நம் 50 எஸ்டிஎம்மில் 12ஐ மாட்டினால் சட்டகத்தின் அகலம் 9 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. வரை: கண்ணும் புருவமும், காதும் கம்மலும். 20ஐ மாட்டினால் ஐந்தரையிலிருந்து மூன்றே முக்கால் வரை: மோதிரம் போட்ட விரல். 36 என்றால் மூன்று செ.மீ.யிலிருந்து ஏறக்குறைய இரண்டரை வரை, கிட்டத்தட்ட 1:1தான்: மூக்குத்திக் கல்லின் பட்டைகள். 

வாங்கும்போது குழாயின் இரு முனையிலும் பொன்னிற மின்தொடுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத குழாய் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். கேனான் லென்ஸின் துளையைத் திறந்து மூடுவது கேமரா அனுப்பும் மின்சாரம். தொடுப்பு இல்லையென்றால் துளை எஃப்/1.8இலேயே திறந்து நிற்கும். 1:1இல் எஃப்/1.8 என்றால் கூர்மையாக வரும் ஆழம் ஏறக்குறைய 0.14 மி.மீ.; ஒரு எறும்பின் ஒற்றைக் கண்கூட முழுசாக வராது. எஃப்/8இல் அதுவே 0.6 மி.மீ. ஆகிறது. அது ஒன்றும் தாராளமில்லை, ஆனாலும் படம் படமாக இருக்கும். போதாததற்கு 50 எஸ்டிஎம்மின் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தில்தான் இயங்குகிறது. தொடுப்பில்லாத குழாயில் வளையத்தைத் திருப்பினாலும் எதுவும் அசையாது. தொடுப்புள்ள செட்டுக்குச் சில ஆயிரம் ஆகும், கொடுங்கள்.

மற்ற மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிவர்ஸ் ரிங் லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம், மிகவும் மலிவு. கிட் லென்ஸை 18இல் வைத்துத் திருப்பி மாட்டினால் 1:1ஐத் தாண்டிக் கொண்டுபோகும். துளைப் பிரச்சினை இதிலும் உண்டு. ஆழத்தை முன்கூட்டிக் காட்டும் பட்டன் உள்ள கேனான் பாடியில் எஃப்/8 வைத்து, அந்தப் பட்டனை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றினால் துளை அதே அளவில் நின்றுவிடும். லென்ஸின் பின்கண்ணாடி வெளியே திறந்து கிடப்பதால் தூசிக்கும் விரலுக்கும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். 

அடுத்தது லென்ஸ் முன்னால் திருகும் குளோஸ்-அப் கண்ணாடி. +1, +2, +4, +10 என்று மலிவு செட்டாக வருபவை ஒற்றைக் கண்ணாடி. ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாக நிறம் பிரியும். ரேநாக்ஸ் டிசிஆர்-150 போல ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகள் சேர்ந்தவை தெளிவானவை. 55-250 மாதிரி நீண்ட ஜூம் வைத்திருப்பவருக்கு இதுதான் வழி, ஏனென்றால் ட்யூப் போட்ட 50இல் 1:1க்குப் போனால் லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் இருக்கும். மூக்குத்தி பறந்துபோகாது, தட்டான் போய்விடும். ரேநாக்ஸில் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நிற்கலாம். வண்ணத்துப்பூச்சிக்கு அதுகூட வேண்டாம். 55-250 எஸ்டிஎம் தனியாகவே 85 செ.மீ. தூரத்திலிருந்து ஏழெட்டு செ.மீ. அகலத்தை நிறைக்கிறது.

உண்மையான மேக்ரோ லென்ஸ் நான்காவது. கேனான் ஈஎஃப்-எஸ் 60, டாம்ரான் 90, நிக்கான் டிஎக்ஸ் 40 எல்லாமே 1:1 போகும், முகத்துக்கும் ஆகும். பூச்சிகள்மேல் உங்களுக்கு உண்மையான காதல் வந்துவிட்டது, ட்யூபை மாட்டிக் கழற்றிக் கை ஓய்ந்துவிட்டது என்ற நிலை வரும்போது, செகண்ட் ஹேண்டில் டாம்ரான் 90ஐத் தேடுங்கள்.

கிட்டத்தில் ஆட்டோஃபோகஸை நம்ப முடியாது. ஸ்கேலை வைத்துச் செய்ததுபோலவே, ஃபோகஸை நிறுத்திவிட்டு உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்து, கூர்மை வரும் நொடியில் அழுத்துங்கள். 1:1இல் சென்சாருக்கு வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும், ஜன்னலோரமே இருட்டாகிவிடும். செல்ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளின் வழியே அடியுங்கள், தங்கத்துக்கு அதைவிட நல்ல விளக்கு வேண்டியதில்லை.

பழைய லென்ஸ் வாங்கினால்

உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடலோர ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் இது மிகச் சாதாரணம். ஓரிரு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சுவரில் செய்தித்தாள் ஒன்றை ஒட்டி, நேராக நின்று, எஃப்/1.8இலும் எஃப்/8இலும் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப்/8இலும் ஒரு மூலை மட்டும் மங்கினால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. 50 எஸ்டிஎம்மில் ஃபோகஸ் செய்யும்போது உள்குழாய் வெளியே நீளும். அது நீண்டிருக்கும்போது அடிபட்டால் மோட்டார் போய்விடும். கிட்டத்துக்கும் தூரத்துக்குமாக ஐந்தாறு முறை ஃபோகஸ் ஓட்டிக் காதை வைத்துக் கேளுங்கள், எங்கும் சிக்கக் கூடாது.

வாங்கியதை பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள்.

போன வருடம் அண்ணனின் சின்ன மகளுக்குக் காது குத்தினார்கள். 12 மி.மீ. ட்யூப் சட்டைப்பையில் இருந்தது. ட்யூப் போட்டுவிட்டால் ஒன்பது செ.மீ.யைவிடப் பெரியது எதுவும் ஃபோகஸ் ஆகாது, மடியில் இருக்கும் குழந்தையின் முகம்கூட வராது. ஆகவே இந்த மாதிரி விசேஷத்தில் வரிசை முக்கியம். சந்தனப் பொட்டு வைக்கும்போதும், மாமன் மடியில் உட்காரும்போதும், ஊசி இறங்கும்போது சுளிக்கும் முகமும் வெறும் 50இல். முதல் காது முடிந்து பத்தர் அடுத்த கம்பியை எடுக்கும் அந்த அரை நிமிடத்தில் ட்யூபை மாட்டி, எஃப்/5.6க்கு மாற்றி, சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, இரண்டாவது காதுக்குக் காத்திருந்தேன். அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அவர் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தலையாட்டும் வரை பொறுத்திருந்தார்.